மலை கொடுத்த நீருக்கு மலைநாட்டார் பெற்ற கூலி என்ன?

தலவாக்கலை நகரின் ஓரத்தில் நின்று கீழே நோக்குவோர்க்கு இன்று துள்ளி ஓடும் ஆறு தென்படுவதில்லை. அணைக்குள் அடங்கிக் கிடக்கும் நீர்ப்பரப்பே தென்படும். கொத்மலை ஓயா அவ்விடத்திலே தடுக்கப்பட்டு, மலையைக் குடைந்து அமைத்த ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தினுள் இறக்கப்படுகின்றது. சுரங்கத்தின் மறுமுனையில், நிலத்தின் அடியில், இரண்டு பொறிகள் சுழல்கின்றன. 2012 ஆம் ஆண்டு தொடக்கம் அவை தரும் ஆற்றல் 150 மெகாவாட். அந்நீர்ப்பரப்பிலிருந்து கண்ணெட்டும் தொலைவில் லயங்கள் நிரைநிரையாக நிற்கின்றன. அங்கே வாழும் தாய் ஒருத்தி, நாள் முழுதும் மலையேறிக் கொழுந்து கொய்து மீண்டபின், குடத்தை இடுப்பில் ஏந்திப் பீலிக்கரைக்குப் போகின்றாள். பீலியில் நீர் வந்தால் அன்றைக்குச் சமையல் உண்டு. வாராவிடின் அடுத்த தோட்டத்துப் பீலிவரை நடை உண்டு.

நாட்டுக்கெல்லாம் ஒளி தரும் ஆற்றின் கரையிலே குடிக்கும் நீருக்கு வரிசையில் நிற்கும் இந்நிலை எவ்வாறு நேர்ந்தது? ஊழ்வினை என்று சொல்லி அடங்கிவிட நாம் ஆயத்தமாக இல்லை. சட்டங்களால் நேர்ந்தது, சட்டங்களாலேயே தீர்க்கப்படல் வேண்டும். அதனையே இங்கு எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

ஒரு துளி நீரின் ஐந்து சேவகம்

கொத்மலை ஓயாவின் வரலாற்றை முதலில் நோக்குவோம். ஓர்ட்டன் சமவெளியின் புல்வெளிகளிற் கசிந்து பிறக்கும் ஆக்ரா ஓயா, டயகம, அக்கரபத்தனைத் தோட்டங்களூடாக இறங்கி வருகின்றது. நுவரெலியாப் பக்கத்திலிருந்து வரும் நானுஓயா தலவாக்கலையை அண்மித்து அதனோடு சேர்கின்றது. பின்னர் பூண்டுலோயாவின் நீரையும் ஏற்றுக்கொண்டு, கம்பளைக்கு மேலே கொத்மலை ஓயா மகாவலியிற் கலக்கின்றது. ஆங்கு அதன் பெயர் மறைகின்றது. அதன் உழைப்பு மறைவதில்லை.

மேல் கொத்மலையில் ஒரு முறை பொறியைச் சுழற்றிய நீர், 1985 இல் நிறைவெய்திய கொத்மலை அணையிலே 201 மெகாவாட் பொறிகளைச் சுழற்றுகின்றது. மகாவலியோடு சேர்ந்தபின் பொல்கொல்லையில் ஒரு பங்கு வடக்கே திருப்பப்பட்டு, உக்குவளைப் பொறிகளைச் சுழற்றி, அம்பன் கங்கை வழியாகக் கலாவெவ வயல்களுக்குச் செல்கின்றது. எஞ்சிய பங்கு விக்டோரியாவில் 210 மெகாவாட்டுக்கும், ரந்தெனிகலையில் 122 மெகாவாட்டுக்கும், ரந்தம்பையில் 49 மெகாவாட்டுக்கும் உழைக்கின்றது. அதன்பின் மினிப்பே அணைக்கட்டில் வாய்க்கால்களுட் புகுந்து நெல் விளைவிக்கின்றது. கொட்டியாரக் குடாவிற் கடலைச் சேருமுன், மலையிற் பிறந்த ஒரு துளி ஐந்து மின் நிலையங்களிலே ஊழியஞ் செய்து, வயலுக்கும் பாய்ந்து, ஊர்களின் தாகமும் தீர்த்துவிடக்கூடும். உலகில் இத்துணை உழைப்பை ஒரே துளியிடம் வாங்கிக்கொள்ளும் நாடுகள் பல அல்ல.

மலையின் மேற்குப் புறத்தும் இதுவே நிலை. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டிலேயே இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின்முன் நீர்வலுவின் பயனை எடுத்துரைத்தார். அன்றைய ஆட்சியாளர் அவர் சொல்லைக் காலங்கடத்தியே கேட்டனர். இலக்சபானையின் முதல் மின் நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கிற்று. கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் அப்பள்ளத்தாக்கிலே நோர்ட்டன், காசல்ரீ, மவுசாகலை, கெனியன் அணைகள் எழுந்தன. ஐந்து நிலையங்கள் அமைந்தன. அவற்றின் ஆற்றல் 335 மெகாவாட்டுக்குக் குறைவில்லை. கொழும்பு மாநகரம் மின்விளக்கின்கீழ் அமர்ந்து அம்பத்தலையிற் சுத்திகரித்த களனி நீரைப் பருகுகின்றது. இரண்டும் அட்டன் மலைகளின் கொடை.

விமலசுரேந்திரவின் பெயரை மின் நிலையத்துக்குச் சூட்டினர், தகுந்த செயலே. அம்மலைகளில் நீரேந்து நிலங்களிடையே தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களுக்கு என்ன செய்தனர்? இலக்சபானை ஒளி கொழும்புக்குச் சென்றபோது, அவ்வொளிக் கம்பிகளின் கீழேயே இருந்த லயங்களிற் குப்பி விளக்கு எரிந்தது. ஓராண்டு ஈராண்டு அன்று. பல தசாப்தங்கள் எரிந்தது.

வாக்கில்லாத காலத்தில் எழுந்த அணைகள்

இங்கே ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்க்குமாறு வாசகர்களை வேண்டுகின்றோம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1949 இன் தேர்தற் சட்டத் திருத்தம் அவர்தம் வாக்கைப் பறித்தது. 1947 இல் அம்மக்களின் வாக்கால் பாராளுமன்றம் சென்றவர்கள் இருந்தனர். 1952 இல் அவ்வாறு சென்றவர் ஒருவருமிலர். 1964 ஒக்டோபர் 30 இல் ஸ்ரீமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் கையொப்பமிட்ட உடன்படிக்கை, ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மாந்தரைக் கணக்கில் எடுத்து, 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, எஞ்சியோர் பின்னர் பார்க்கப்படும் என்று பங்கிட்டது. பங்கிடப்பட்டோரிடம் ஒரு சொற்கூடக் கேட்கப்படவில்லை. 1977 இல் நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து ஒருவர் தெரிவாகும்வரை, மலைநாட்டுத் தமிழரின் வாக்கால் எவரும் அச்சபைக்குச் செல்லவில்லை.

இனி அணைகளின் ஆண்டுகளை நோக்குக. காசல்ரீ 1965. பொல்பிட்டி மின் நிலையம் 1969. அதே காலத்தில் மவுசாகலை. புதிய இலக்சபானை 1974. பொல்கொல்லைத் திருப்பணை 1976. மகாவலித் திட்டத்துக்கான பெருந்திட்ட வரைவு ஐக்கிய நாடுகள் நிறுவனங்களின் துணையோடு தயாரானது 1968. ஆற்றை யார் யாருக்குப் பங்கிடுவது என்று நாடு தீர்மானித்த அந்த இருபத்தைந்து ஆண்டுகளும், ஆற்றின் தலையில் வாழ்ந்த மக்கள் வாயடைக்கப்பட்டிருந்த ஆண்டுகளே! நீதிமன்றத்திலே ஒரு கட்சிக்காரனை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு அவனுடைய சொத்தைப் பங்கிட்டால், அத்தீர்ப்பு ஒருநாளும் நில்லாது. பாராளுமன்றத்திலே செய்தமையால் அது நிலைத்துவிட்டது.

மவுசாகலையில் நீர்மட்டம் தாழும் காலங்களிற் பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தலைகாட்டுவதைக் கண்டவர் பலர். படம் பிடிக்கவும் பலர் செல்கின்றனர். அக்கட்டடங்களைக் கட்டிய மக்களின் உரிமைக் கணக்கு எந்த வறட்சியிலும் வெளிப்படவில்லை.

கொத்மலையில் மூழ்கியவை பெரும்பாலும் சிங்களக் கிராமங்கள். கடதொர விகாரையும் அவற்றோடு மூழ்கிற்று. அவ்வுழவர்களின் துயரை நாம் சிறிதென மதியோம். முன்னோர் வயலை இழப்பவன் எம்மொழி பேசினும் இழப்பு ஒன்றே. ஆயினும், மகாவலிப் பள்ளத்தாக்கிலே குடியேறிய குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் நீர்ப்பாசனக் காணியும் அரை ஏக்கர் குடியிருப்பு நிலமும் என்று ஒரு அளவு இருந்தது. நாடற்றவனுக்கு அவ்வளவுகோல் நீட்டப்படவே இல்லை. அரச காணி குடிமகனுக்கே என்பது விதி. குடிமகன் அல்லன் என்பது அதற்கு முன்னரே எழுதப்பட்ட விதி. முதல் விதியால் நிலம் போயிற்று; முதல் விதியைக் குறை சொல்ல இரண்டாம் விதி வழிவிடவில்லை.

ஏழாயிரம் ஏக்கரும் ஓருயிரும்

தேயிலைத் தோட்டங்கள் 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசுடைமையாயின. உழுபவனுக்கு நிலம் என்று மேடைகள் முழங்கின. மலைநாட்டிலோ, நுவரெலியா மாவட்டத்துத் தோட்டக் காணிகளில் 7,000 ஏக்கரைப் பிரித்து வெளியாருக்கு வழங்க முயற்சி நடந்தது. அதில் உழைத்தவர் வேலையும் உறையுளும் இழந்து தெருவில் நிற்கவேண்டும் என்பதே அதன் பொருள். தொழிலாளர் எதிர்த்து எழுந்தனர். 1977 மே 11 ஆம் நாள் டெவன் தோட்டத்திலே காவற்படையின் துப்பாக்கிக் குண்டு சிவனு இலட்சுமணன் என்னும் இளைஞனின் உயிரைக் குடித்தது. காணிப் பிரிப்பு நின்றது.

டெவன் தோட்டம் எங்கே இருக்கின்றது? கொத்மலை ஓயாப் பள்ளத்தாக்கிலே! சுற்றுலாப் பயணிகள் வண்டியை நிறுத்தி அருவியைப் பார்க்கும் அந்தச் சாலையோரத்திலே! அருவியைப் பார்ப்போர்க்கு அந்த இளைஞனின் பெயரை எவரும் சொல்வதில்லை. நாம் சொல்கின்றோம். மலைநாட்டில் மண்ணும் நீரும் ஒரே வழக்கு என்பதை முதலில் உணர்த்தியவன் அவன்.

அருவிக்குச் சட்டம் உண்டு, பீலிக்கு இல்லை

மேல் கொத்மலைத் திட்டம் வந்தபோது சென் கிளயர் அருவி வற்றிவிடும் என்று நாடெங்கும் குரல் எழுந்தது. நியாயமான குரலே. அதன் பயனாக, பகற்பொழுதிலே அருவிக்குக் குறித்த அளவு நீரை விடவேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. பார்ப்போர் கண்ணுக்கு இவ்வளவு நீர் என்று சட்டம் அளந்து வைத்தது. நன்று. அதே ஆற்றுப் பள்ளத்தாக்கிலே வாழும் ஒரு குடும்பத்தின் தொண்டைக்கு நாளொன்றுக்கு இவ்வளவு நீர் என்று அளந்து வைத்த நிபந்தனை எங்கே? எமக்குக் காட்டுவார் உண்டோ? கண்ணுக்கு ஒரு பங்கு, பொறிக்கு ஒரு பங்கு, வயலுக்கு ஒரு பங்கு. தொண்டைக்கு மட்டும் தோட்டத்துரையின் தயவு!

எமது தொழில் வாழ்விற் கண்ட ஒன்றை இங்கு சொல்வது பொருந்தும். சில ஆண்டுகளின்முன் ஒரு தோட்டத்துப் பெண்கள் எம்மிடம் வந்தனர். மழைவெள்ளத்தில் ஊற்றுவாய் இடிந்து பீலி அடைபட்டுவிட்டது. சிறு தொட்டி ஒன்றும் ஐந்நூறு அடிக் குழாயும் போதும். உள்ளூராட்சி மன்றம் ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். தோட்டக் காணி தமது செலவுக்கு உட்பட்டதன்று என்று மறுமொழி வந்தது. தோட்ட நிருவாகத்துக்கு எழுதினோம். நீர் வழங்குவது உள்ளூராட்சியின் பொறுப்பு என்றனர். இரண்டு கடிதங்களையும் ஒன்றன்மேலொன்றாக வைத்துப் பார்த்தோம். இருவரும் சட்டத்தைப் பிழையின்றியே எழுதியிருந்தனர். அவ்விரு பிழையற்ற கடிதங்களுக்கும் நடுவே பீலி பதினான்கு மாதம் வறண்டு கிடந்தது.

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவே அத்தகைய மறுமொழிகளுக்கு அரணாக நின்றது. தோட்டத்தார் வாக்களித்துச் சபையை அமைக்கலாம்; அச்சபையின் பணம் தோட்ட எல்லைக்குள் நுழைவதற்குத் தடை! 2018 இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. முப்பத்தோராண்டு சென்றபின் திறந்த கதவு. கதவு திறந்ததென்பதற்காக வீட்டுக்குள் தானாக நீர் வந்துவிடாது. சபைகளின் கையிற் போதிய பணமில்லை. குழாய் பதிக்கும் நிலமோ தோட்டக் கம்பனியின் பிடியில்.

மறுப்போர் கூற்றும் எமது விடையும்

மின்சாரம் நாட்டின் பொதுச்சொத்து, அதில் மலைநாட்டாருக்கு மட்டும் தனிப்பங்கு எதற்கு என்பார் உளர். பொதுச்சொத்து என்பதை முழுமனத்தோடு ஒப்புகின்றோம். கம்பியை அறுக்கவோ மதகை மூடவோ நாம் சொல்லவில்லை. ஆயினும் நீர் பிறக்கும் இடத்தார்க்குப் பங்கு தருவது உலகம் காணாத புதுமையும் அன்று. இந்தியாவிலே நீர்மின் திட்டம் அமையும் மாநிலத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு மின்சாரம் விலையின்றி வழங்கும் முறை உண்டு. 2008 ஆம் ஆண்டின் நீர்மின் கொள்கை, திட்டப் பகுதியின் வளர்ச்சிக்கென மேலும் ஒரு பங்கு சேர்த்தது. பாதிக்கப்பட்ட குடும்பம் ஒவ்வொன்றுக்கும் பத்தாண்டுக்கு மாதம் நூறு அலகு மின்சாரம் என்றும் வகுத்தது. நோர்வே நாட்டிலே ஆறு பிறக்கும் ஊராட்சிகளுக்கு மின்சாரத்திற் குறித்த பங்கு சட்டப்படி உரியது. இமாசலத்து மலைவாசிக்கும் நோர்வே மலைவாசிக்கும் பொருந்தும் நியாயம் அக்கரபத்தனை மலைவாசிக்குப் பொருந்தாதா?

தோட்டங்கள் கம்பனிகளுடையவை, அரசாங்கம் என்ன செய்யும் என்பார் வேறு சிலர். இது சட்டமறியாதார் கூற்று. அல்லது அறிந்தும் மறைப்பார் கூற்று. 1992 இல் கம்பனிகளுக்குச் சென்றது குத்தகையே, நிலவுடைமை அரசினுடையது. குத்தகைக் காலம் 2045 இல் முடிவடைகின்றது. நிலத்தின் சொந்தக்காரனாகிய அரசு, தன் நிலத்தில் ஒரு லயத்தடியைப் பிரித்து, அதில் நான்கு தலைமுறையாக வாழ்பவனுக்கு உறுதி எழுதிக் கொடுக்க எவரிடம் கையேந்த வேண்டும்? விமான நிலையத்துக்கும் பெருஞ்சாலைக்கும் நிலம் எடுக்க வலிமையுள்ள அரசு, ஏழு பேர்ச்சுக்கும் பத்துப் பேர்ச்சுக்கும் வலிமையற்றுப் போவது எங்ஙனம்?

2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தோடு பிரசாவுரிமை கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன குறை என்பார் மூன்றாமவர். ஐம்பத்தைந்தாண்டு வாயிலில் நிறுத்தப்பட்டவனை உள்ளே அழைத்துவிட்டு, பந்தி முடிந்துவிட்டது என்று சொல்வது விருந்தோம்பல் ஆகாது. அணைகள் கட்டி முடிந்தன. வயல்கள் பங்கிட்டு முடிந்தன. மின்கட்டணங்கள் வகுத்து முடிந்தன. அதன்பின் வந்த குடியுரிமையின் கையில் எஞ்சியது வாக்குச்சீட்டு ஒன்றே. அச்சீட்டைக் கொண்டு பழைய கணக்கைக் கேட்கவே நாம் எழுந்துள்ளோம்.

உழவருக்கும் கற்றோருக்கும்

வடக்கிலும் கிழக்கிலும் ஏரும் வாய்க்காலுமாக வாழும் உழவர் பெருமக்களே! மலைநாட்டார் குறை எமக்கு எதற்கு என்று எண்ணிவிடாதீர். மலையிற் சரியும் மண்ணே வாய்க்காலைத் தூர்க்கும் மண். ஆங்கிலத் துரைமார் கோப்பிக்காகக் காட்டை வெட்டித் தள்ளியபோது நீரூற்றுகள் அழியும் என்று அஞ்சி, அறிஞர் ஊக்கரின் அறிவுரைப்படி 1873 இல் ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காட்டை விற்பதைக் குடியேற்ற அரசே நிறுத்திற்று. 1951 இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டில் உறங்க, செங்குத்துச் சரிவுகளிலே மரக்கறித் தோட்டங்கள் ஏறின. கிருமிநாசினியும் உரமும் மழையோடு இறங்கி நானுஓயாவிலும் ஆக்ரா ஓயாவிலும் சேர்கின்றன. மேலே ஊற்றைக் காப்பவனுக்கு நிலத்தில் உரிமை இருந்தால் அவன் ஊற்றையும் காப்பான்; நாளை வெளியேற்றப்படுவோமோ என்று அஞ்சுபவன் யாருக்காக மரம் நடுவான்? கொட்டியாரத்து வயலின் நலமும் டயகம லயத்தின் நலமும் ஒரே ஆற்றின் இரு முனைகள்.

மண் சரிவு வாய்க்காலோடு நிற்பதுமில்லை. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் தித்வாப் புயல் மலைநாடெங்கும் மலைகளைச் சரித்தது. ஒவ்வொரு முறையும் அமைச்சர்கள் வருகின்றனர். பாதுகாப்பான காணி தருவோம் என்கின்றனர். மக்கள் பாடசாலைக் கட்டடங்களிற் சிலகாலம் தங்கி, வேறு போக்கிடமின்றி அதே சரிவுக்கு மீள்கின்றனர்.

கற்ற பெருமக்களிடமும் ஒரு சொல். வழக்கறிஞரும் பொறியியலாளரும் மருத்துவருமாகிய நாம், இக்கணக்கில் எம் பங்குப் பிழையையும் எழுதிக்கொள்ளல் வேண்டும். 1949 இல் மலைநாட்டாரைக் கட்டிய சட்டங்களுக்குத் தமிழ்ப் பிரதிநிதிகளிலும் சிலர் ஆதரவாகக் கையுயர்த்தினர். அணைகளை அளந்த பொறியியலாளருட் தமிழர் இல்லாமலில்லை. காலையும் மாலையும் அம்மலையின் தேநீரைப் பருகியவர்கள் நாம் அனைவரும். பிறர் குற்றம் பேசுமுன் இதனை ஒப்புக்கொள்ளாதார் வாதம் எடுபடாது.

நாம் கேட்பவை

கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கின்றோம். முதலாவது, கொத்மலை, இலக்சபானைத் தொகுதிகளில் விளையும் ஒவ்வோர் அலகு மின்சாரத்தின் வருமானத்திலும் குறித்த ஒரு பங்கு, சட்டத்தால் அமைந்த ஆற்றுத்தலை நிதியமொன்றிற் சேரவேண்டும். அந்நிதி நீரேந்து பகுதி மக்களின் குடிநீர், வீடு, பாடசாலை ஆகியவற்றுக்கே செலவாக வேண்டும். இரண்டாவது, பிற பயன் எதற்கும் முற்பட்டது குடிநீர் என்பதையும், ஊற்றுக்கும் பீலிக்கும் சூழ உள்ள நிலத்தைக் கம்பனி மூடமுடியாது என்பதையும் சட்டம் சொல்லவேண்டும். மூன்றாவது, சரிவில்லாத நிலத்திலே, வீட்டோடு உழவுக்கும் போதிய காணி முழு உறுதியுடன் வழங்கப்படல் வேண்டும். 2045 வரை காத்திருக்க வேண்டியதில்லை. நான்காவது, மகாவலி நீரைப் பற்றியும் களனி நீரைப் பற்றியும் முடிவெடுக்கும் சபைகளிலே தோட்ட மக்களின் பிரதிநிதிகளுக்கு உரிமையான ஆசனம் வேண்டும். கதவுக்கு வெளியே நிறுத்திப் பங்கிட்ட பழைய பிழை மீண்டும் நேரலாகாது.

இவற்றுள் ஒன்றேனும் அரசாங்கக் கருவூலத்தைக் கவிழ்க்கக்கூடியதன்று. ஒன்றேனும் சிங்கள உழவன் வயலிலிருந்து ஒரு குடம் நீரைக் குறைப்பதன்று. ஆதலின் மறுப்பதற்குக் காரணம் பொருளாதாரத்தில் இல்லை, மனத்திலேயே உண்டு.

ஊர்தோறும் உழவர் சங்கங்களும், தோட்டந்தோறும் தொழிற்சங்கக் கிளைகளும், நகரந்தோறும் வழக்கறிஞர் மன்றங்களும் இந்நான்கையும் தீர்மானமாக நிறைவேற்றித் தத்தம் பாராளுமன்ற உறுப்பினருக்கு அனுப்புமாறு வேண்டுகின்றோம். அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்திலே மின்சக்தி அமைச்சரிடம் அவ்வுறுப்பினர் ஒரே ஒரு வினாவை எழுப்பினாற் போதும்: ஐந்து நிலையங்களில் உழைக்கும் அத்துளி பிறந்த மலைக்கு இதுவரை கொடுத்த கூலி எவ்வளவு? அவர் கூறும் தொகை அவைக் குறிப்பேட்டில் ஏறட்டும்.

உழைத்தவன் கூலி கேட்பது பிச்சையாகாது. இந்நாட்டின் ஒளிக்கும் உணவுக்கும் மலை உழைத்தது. மலையோடு அம்மக்களும் உழைத்தனர். எழுபத்தைந்தாண்டுக்கு மேலாக நிலுவையிற் கிடக்கும் கூலியைக் கணக்குப் பார்த்துத் தருமாறு கேட்கின்றோம். தரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.